கூமுட்டை வாயு: நஞ்சும் அதுவே, நம் உடல் ஆக்குவதும் அதுவே

கூமுட்டையை உடைத்ததும் எழும் நாற்றத்தை அறியாதார் நம்மில் எவரும் இலர். செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குட்டைப் பக்கமிருந்து காற்று வீசும்போதும், பல நாள் தூர் வாராத சாக்கடையைக் கிளறும்போதும் அதே நாற்றம் நம் மூக்கை எட்டுகிறது. இந்நாற்றத்திற்குக் காரணமாக விளங்குவது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவாகும். ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் கந்தக அணு ஒன்றும் சேர்ந்தது அதன் மூலக்கூறு. அதற்கு நிறம் இல்லை. அது காற்றைவிடச் சற்றுக் கனமானது, தீப்பற்றக் கூடியது, அளவு மிகுந்தால் உயிரைப் போக்குவது.

சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் வில்லெம் ஷீல 1777ஆம் ஆண்டில் இவ்வாயுவைப் பற்றி எழுதினார். அதன் பின்னர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வரை மருத்துவ நூல்கள் இதனை நச்சு வாயு என்ற அளவிலேயே கருதி வந்தன. அக்கருத்து இன்றும் மெய்யே. ஆயினும் அது முழு உண்மையன்று. நம் மூளையும் இரத்தக் குழாய்களும் இவ்வாயுவை மிக மிகச் சிறிய அளவில் ஓயாது ஆக்கிக் கொண்டிருக்கின்றன என்பதை அண்மைக் காலத்து ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

நம்மைக் கொல்ல வல்ல ஒரு பொருளை நம் உடலே ஏன் ஆக்க வேண்டும்? உடலுக்குள் அது எவ்வளவு இருக்கிறது என்பதை எவ்வாறு கண்டறிவது? நோயாளிக்குத் தேவைப்படின், தீங்கு நேராமல் அதனை உடலுக்கு எவ்வாறு அளிப்பது? இக்கேள்விகளுக்கு அறிஞர்கள் கண்டுள்ள விடைகளை இக்கட்டுரையில் எளிய முறையில் விளக்க முற்படுகிறோம். அவ்விடைகள் அனைத்திற்கும் அடிப்படையாக நிற்பது ஒரே பாடம்: இவ்வாயுவைப் பொறுத்தவரை அளவே எல்லாம், அளவை அறியும் பொறுப்பை மூக்கிடம் ஒப்படைத்தல் ஆகாது. ஆராய்ச்சிக்கூடத்து அறிஞருக்கும் ஆலையில் பணிபுரியும் தொழிலாளருக்கும் இப்பாடம் பொதுவானது.

ஆலைக் குட்டையில் அது பிறக்கும் விதம்

காற்றுப் புகாத இடங்களில் வாழும் நுண்ணுயிர்கள் சில உண்டு. நாம் உணவை எரித்து ஆற்றல் பெறப் பிராணவாயுவைப் பயன்படுத்துகிறோம். அந்நுண்ணுயிர்களோ பிராணவாயுவுக்குப் பதிலாக நீரில் கரைந்துள்ள சல்பேட்டு என்னும் கந்தகச் சேர்மத்தைப் பயன்படுத்துகின்றன. அவை வெளியிடும் மூச்சே ஹைட்ரஜன் சல்பைடு எனலாம். அன்றியும், முட்டை, இறைச்சி, தாவரக் கழிவு ஆகியவற்றின் புரதத்தில் கந்தகம் அடங்கியுள்ளது. அப்புரதம் அழுகும்போதும் இவ்வாயு வெளிப்படுகிறது.

செம்பனைக் குலைகளை அவித்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் கழிவுநீரில் எண்ணெய்ப் பசையும் நார்த்துகளும் ஏராளம். 1977ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி மலேசியாவில் அந்நீரைத் தூய்மைப்படுத்தாமல் ஆற்றில் விடலாகாது. எனவே ஆலைகள் அதனை ஆழமான குட்டைகளில் தேக்கி, நுண்ணுயிர்களைக் கொண்டு மக்கச் செய்கின்றன. அங்கே பெருமளவில் பிறப்பது மீத்தேன் என்னும் எரிவாயு. அதனோடு கலந்து வெளிவருவது ஹைட்ரஜன் சல்பைடு. இரப்பர் ஆலைகளிலும் இதற்கு இடமுண்டு. பாலைச் செறிவாக்கிப் பிரித்தபின் எஞ்சும் நீர்த்த பாலை உறையச் செய்யக் கந்தக அமிலம் சேர்ப்பதுண்டு. அந்த அமிலத்தின் சல்பேட்டு கழிவுநீரோடு குட்டையை அடைந்து, மேற்கூறிய நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது.

இவ்வாயு நீரிலும் சேற்றிலும் கரைந்து அடங்கிக் கிடக்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தோன்றாது. ஒரு கழியைவிட்டுக் கிளறினாலோ, இறைகுழாயைப் போட்டு அடைப்பை நீக்கினாலோ, அடங்கியிருந்தது யாவும் ஒருசேர எழும். காற்றைவிடக் கனமானதாகையால் குழியிலும் தொட்டியிலும் தங்கி நிற்கும்.

மூக்கு என்னும் கருவியும் அதன் குறையும்

ஹைட்ரஜன் சல்பைடைக் கண்டறிய இயற்கை நமக்கு அளித்த முதற்கருவி மூக்கு. அது மிகக் கூரிய கருவியே. காற்றின் பத்து லட்சம் பங்கில் இவ்வாயு ஒரு பங்கில் நூறில் ஒரு கூறு இருப்பினும் பலரால் அதனை முகர்ந்தறிய முடியும். பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்னும் அளவையே கருவிகளில் பி.பி.எம். என்று குறிக்கின்றனர். இனி நாமும் அவ்வாறே குறிப்போம்.

அளவு 20 பி.பி.எம். ஆகும்போது தலைவலியும் சோர்வும் தோன்றலாம். 50 முதல் 100 வரை செல்லுமாயின் கண் எரியும், தொண்டை கரகரக்கும். 100ஐ எட்டும்போது விந்தையான, அஞ்சத்தக்க ஒரு நிகழ்ச்சி ஏற்படுகிறது. சில நிமிடங்களில் முகரும் ஆற்றல் மரத்துப் போகிறது. நாற்றம் நின்றுவிடுகிறது. வாயு போய்விட்டது என்று மனிதன் எண்ணுகிறான். உண்மையில் வாயு போகவில்லை, மூக்குதான் போய்விட்டது. 500 பி.பி.எம்.மைத் தாண்டினால் தள்ளாட்டமும் மயக்கமும் ஏற்பட்டு, அங்கேயே கிடப்பாராயின் அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் மரணம் நேரும். 700க்கு மேல் சென்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்து விடுவார். ஆலைக் குட்டையிலிருந்து எழும் வாயுக் கலவையில் இதன் அளவு ஆயிரத்தைத் தாண்டுவதுண்டு என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

மூக்கைத் தவிர வேறு சான்று உண்டா என்று முற்காலத்தவரும் தேடினர். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமட்சினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மலக்குழிகளைத் துப்புரவு செய்வோரின் கண்கள் சிவந்து வீங்குவதை அவர் கவனித்தார். அத்தொழிலாளர்களின் சட்டைப் பையில் இருந்த செப்பு நாணயங்களும் வெள்ளி நாணயங்களும் கறுத்துப் போவதையும் குறித்து வைத்தார். அவர் காலத்தில் இவ்வாயுவுக்குப் பெயரே இல்லை. எனினும் கறுத்த நாணயமே அதனைக் காட்டிக் கொடுத்த முதற் சான்றுகளுள் ஒன்றாயிற்று. உலோகங்களோடு கந்தகம் கூடிக் கருநிறம் உண்டாக்கும் இதே இயல்பைக் கொண்டுதான், ஈய அசிட்டேட்டில் தோய்த்த வெள்ளைத் தாளைப் பிற்காலத்தார் சோதனைக்குப் பயன்படுத்தினர். வாயு பட்டால் தாள் கறுக்கும். இன்று தொழிலாளர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறு மின்கருவி, வாயுவின் அளவை எண்ணால் காட்டுவதோடு எல்லை மீறினால் ஒலி எழுப்பி எச்சரிக்கவும் செய்கிறது.

உயிரை மாய்க்கும் விதம்

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய அடுப்புகள் உண்டு. நாம் உட்கொண்ட உணவு, மூச்சில் வந்த பிராணவாயுவோடு அங்கே கூடி ஆற்றலாக மாறுகிறது. அவ்வடுப்பின் இறுதிக் கதவு போல ஒரு நொதி நிற்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு மிகும்போது அந்நொதியைப் பற்றிக்கொண்டு கதவை அடைத்துவிடுகிறது. சயனைடு என்னும் கொடிய நஞ்சும் இதே இடத்தைத்தான் தாக்குகிறது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உயிரணு அதனைப் பயன்படுத்த முடியாமல் திணறுகிறது. மூச்சை இயக்கும் மூளைப் பகுதி முதலில் அடங்கிவிடுவதால் மரணம் விரைவில் நேர்கிறது.

சிறிதளவு வாயுவை மட்டும் உடல் தாங்கிக்கொள்ளும். மைட்டோகாண்டிரியாவிலேயே இருக்கும் வேறு நொதிகள் அதனைத் தயோசல்பேட்டு, சல்பேட்டு என்னும் தீங்கற்ற பொருள்களாக மாற்றுகின்றன. அவை சிறுநீரோடு வெளியேறுகின்றன. வரவு சிறிதாக இருக்கும்வரை செலவு ஈடுகொடுக்கிறது. வரவு வெள்ளமாக வந்தால் செலவு தோற்றுப் போகிறது.

உடலே ஆக்கும் வாயு

பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றை நாம் உண்ணும்போது அவற்றின் புரதத்திலிருந்து சிஸ்டீன் என்னும் கந்தகம் அடங்கிய அமினோ அமிலம் கிடைக்கிறது. நம் உடலில் உள்ள மூன்று நொதிகள் இச்சிஸ்டீனிலிருந்தும் அதனோடு உறவுடைய பொருள்களிலிருந்தும் ஹைட்ரஜன் சல்பைடை ஆக்குகின்றன. அவற்றுள் ஒன்று மூளையில் மிகுதி. மற்றொன்று இரத்தக் குழாய்களில் முக்கியமானது. மூன்றாவது மைட்டோகாண்டிரியாவில் வேலை செய்கிறது.

1996ஆம் ஆண்டில் கஸுஹோ அபே, ஹிடியோ கிமுரா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர், மூளையில் பிறக்கும் இவ்வாயு நரம்பணுக்களின் செய்திப் பரிமாற்றத்தில் பங்கு கொள்ளக் கூடும் என எடுத்துக்காட்டினர். 2001ஆம் ஆண்டில் ருய் வாங் என்பவரும் அவருடைய குழுவினரும் இவ்வாயு இரத்தக் குழாய்களைத் தளரச் செய்வதை விளக்கினர். நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு என்னும் இரு வாயுக்கள் உடலுக்குள் தூது செல்வது அதற்கு முன்னரே தெரிந்திருந்தது. நைட்ரிக் ஆக்சைடைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1998ஆம் ஆண்டில் அறிஞர் மூவருக்கு நோபல் பரிசு கிட்டியது. அவ்வரிசையில் மூன்றாவதாக ஹைட்ரஜன் சல்பைடையும் சேர்க்கலாமா என்னும் வினாவை வாங் 2002ஆம் ஆண்டில் எழுப்பினார்.

2008ஆம் ஆண்டில் அவ்வினாவுக்கு வலுவான சான்று ஒன்று கிடைத்தது. இரத்தக் குழாய்களில் இவ்வாயுவை ஆக்கும் நொதி பிறவியிலேயே இல்லாத எலிகளை உருவாக்கி ஆராய்ந்தனர். அவ்வெலிகள் வளர்ந்தபோது அவற்றின் இரத்த அழுத்தம் மிகுந்து காணப்பட்டது. குழாய்களைத் தளர்த்தும் தூதன் இல்லாமற் போகவே அவை இறுகிவிட்டன என்பது இதன் பொருள். இரத்தக் கொதிப்பு என்று நாம் அழைக்கும் நோய்க்கும், நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாயுவுக்கும் இத்தகைய தொடர்பு இருக்குமென முன்னாளில் எவரே எண்ணியிருப்பர்!

உடலுக்குள் அளப்பது எங்ஙனம்?

தொட்டியில் உள்ள வாயுவை அளப்பது எளிது. உயிரணுவுக்குள் இருப்பதை அளப்பதோ அரிது. இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அதன் அளவு மிகச் சிறிது. இரண்டாவது, அது நிலைத்து நிற்பதில்லை. பிறந்த சிறிது நேரத்திலேயே வேறு பொருளாக மாறிவிடுகிறது. மூன்றாவது, அதனை ஒத்த கந்தகப் பொருள்கள் உயிரணுவில் நிறைந்து கிடக்கின்றன. குளூட்டதயோன் என்னும் அத்தகைய பொருள் ஒன்று இவ்வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுதியாக உள்ளது. திருவிழாக் கூட்டத்தில் ஒரே சாயலுடைய ஆயிரவருக்கு நடுவே ஒருவரைத் தேடிப் பிடிப்பது போன்றது இவ்வேலை.

நெடுங்காலம் பயன்பட்டு வந்தது மெத்திலீன் நீலமுறை. ஜெர்மானிய இரசாயன அறிஞர் எமில் ஃபிஷர் இதனை 1883ஆம் ஆண்டில் வெளியிட்டார். சோதிக்க வேண்டிய நீரில் ஓர் இரசாயனப் பொருளையும் இரும்பு உப்பையும் அமிலத்தோடு சேர்த்தால், ஹைட்ரஜன் சல்பைடு இருக்குமிடத்தில் நீலச் சாயம் உண்டாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ வாயு அவ்வளவு மிகுதி. மலேரியாக் கிருமியை இரத்தத் துளியில் காட்டுவதற்குப் பயன்படும் சாயக் கலவையிலும் இந்த மெத்திலீன் நீலத்திற்கு இடமுண்டு.

கழிவுநீருக்கு இம்முறை நன்கு பொருந்தியது. இரத்தத்திற்கு இதனைப் பயன்படுத்தியபோதுதான் பிழை நேர்ந்தது. அமிலத்தைச் சேர்த்தவுடன், இரத்தத்தின் புரதங்களில் பிணைந்து கிடந்த கந்தகமும் விடுபட்டு வாயுவாகி, சாயத்தின் நீலத்தைக் கூட்டியது. தேடிய பொருளை, தேடும் முறையே உண்டாக்கி விட்டது! இதன் விளைவாக, இரத்தத்தில் இவ்வாயு மிகுதியாக இருப்பதாகப் பல கட்டுரைகள் வெளிவந்தன. 2008ஆம் ஆண்டில் கென்னத் ஓல்சன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும், அமிலம் சேர்க்காமல் நேரே அளக்கும் மின்முனைக் கருவியைக் கொண்டு இரத்தத்தை ஆராய்ந்தனர். உண்மையான அளவு, முன்னர்ச் சொல்லப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பது புலனாயிற்று.

இங்கே நம் மூக்கும் ஒரு சாட்சி சொல்கிறது. முன்னைய கணக்கு மெய்யாக இருந்திருந்தால், நம் விரலில் முள் குத்திக் கசியும் இரத்தத்தில் கூமுட்டை நாற்றம் அடித்திருக்க வேண்டும். அவ்வாறு அடிப்பதில்லை. மூக்கு நாற்றத்தை உணரும்போது அது சொல்வதை நம்பலாம். நாற்றம் இல்லை என்று அது சொல்லும்போது, மரத்துப்போன மூக்கா அன்றா என்று ஐயுற வேண்டும். இரத்தத் துளியைப் பொறுத்தவரை அந்த ஐயத்திற்கு இடமில்லை. ஆபத்தான தொட்டியைப் பொறுத்தவரை அந்த ஐயம் உயிர் காக்கும்.

2011ஆம் ஆண்டு முதல் வேறொரு வழியும் வளரலாயிற்று. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கிறிஸ்டோபர் சாங் என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தில், ஒளிரும் சாயம் ஒன்றின் மீது அசைடு என்னும் நைட்ரஜன் தொகுதியைப் பூட்டுப் போலப் பொருத்தினர். பூட்டியிருக்கும்வரை சாயம் ஒளிராது. ஹைட்ரஜன் சல்பைடு வந்து தொட்டால் பூட்டு திறந்துகொள்ளும், சாயம் ஒளிவிடும். அச்சாயத்தை உயிருள்ள அணுவுக்குள் செலுத்தி, நுண்ணோக்கியின் வழியே வாயு இருக்குமிடத்தை ஒளியாகவே காணலாம். குளூட்டதயோன் அப்பூட்டை எளிதில் திறப்பதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. அதே ஆண்டில் வேறு ஆராய்ச்சிக்கூடங்களும் இத்தகைய சாயங்களை வெளியிட்டன.

இதிலும் ஒரு குறை உண்டு. பூட்டைத் திறக்கும் வாயு, அச்செயலிலேயே செலவாகிவிடுகிறது. இருப்பதே சிறிது, அளப்பதற்காக அதிலும் ஒரு பங்கைச் செலவிட்டால் அணுவின் இயல்பு நிலை மாறிவிடும். பானையில் எவ்வளவு நீர் உள்ளது என்று பார்க்க, பானையைக் கவிழ்த்து அளப்பது போன்றதே இது. இக்குறைக்குக் கண்ட தீர்வு, நம்மை அடுத்த கேள்விக்கு அழைத்துச் செல்கிறது.

உடலுக்கு அளிப்பது எங்ஙனம்?

இவ்வாயு குறைவதால் நோய் வருமாயின், அதனைக் கொடுத்து நோயைத் தணிக்கலாமே என்னும் எண்ணம் இயல்பாக எழும். வாயுவை நேரே சுவாசிக்கச் செய்யலாமா? 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மார்க் ரோத் என்பவரும் அவர் குழுவினரும் எலிகளை 80 பி.பி.எம். ஹைட்ரஜன் சல்பைடு கலந்த காற்றில் வைத்தனர். எலிகளின் உடல் இயக்கம் வெகுவாகத் தணிந்தது, உடற்சூடு இறங்கியது, உறங்குவது போல் கிடந்தன. தூய காற்றைக் கொடுத்ததும் பழைய நிலைக்கு மீண்டன. இச்செய்தி உலகெங்கும் வியப்பை விளைவித்தது. ஆயினும் செம்மறியாடு போன்ற பெரிய விலங்குகளிடம் அதே விளைவு தோன்றவில்லை. இதனை மனிதர் செய்து பார்க்கத் துணிதல் கூடாது என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆராய்ச்சிக்கூடங்களில் முதலில் பயன்பட்டது சோடியம் ஹைட்ரோசல்பைடு என்னும் உப்பு. நீரில் இட்டவுடனே அது கரைந்து வாயுவைத் தந்துவிடும். இயற்கையாகவோ இவ்வாயு துளித்துளியாக, நாள் முழுவதும் பிறக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டினால் பயிர் விளையுமா? உப்பு தரும் வாயு சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து மறைவதால், அதைக் கொண்டு கண்ட முடிவுகள் உடலின் உண்மை நிலையைக் காட்டுகின்றனவா என்னும் ஐயம் எழுந்தது.

இதற்கொரு வழியை நம் அண்டை நாட்டவர் கண்டனர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. 2008ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிலிப் மூர் என்பவரின் குழுவினர், ஜி.ஒய்.ஒய். 4137 என்னும் சேர்மத்தைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். நீரில் கரையும் இச்சேர்மம் தன்னிடமுள்ள வாயுவை ஒரேயடியாக விட்டுவிடாமல் நெடுநேரம் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் இரத்த அழுத்தம் தணிந்தது. அன்று முதல் உலகின் பல நாட்டு ஆராய்ச்சிக்கூடங்கள் இச்சேர்மத்தைப் பயன்படுத்தி வருகின்றன.

அடுத்த படியாக, வேண்டிய இடத்தில், வேண்டிய வேளையில் மட்டும் வாயுவை விடுவிக்கும் சேர்மங்களை ஆக்க முனைந்தனர். 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் புளுத் என்பவரின் குழுவினர் ஒரு சுற்றுவழியைக் கையாண்டனர். அவர்கள் ஆக்கிய சேர்மம், குறித்த தூண்டுதல் பெற்றவுடன் தானே உடைந்து கார்பனைல் சல்பைடு என்னும் வேறு வாயுவை வெளியிடும். நம் உடலில் எங்கும் நிறைந்துள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி, அதனை உடனே ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும்.

இதே உத்தியைக் கொண்டு, மேலே கூறிய அளவைக் குறையையும் அவர்கள் போக்க முனைந்தனர். அவர்கள் ஆக்கிய ஒளிரும் சாயத்தின் பூட்டை ஹைட்ரஜன் சல்பைடு திறக்கும்போது, அப்பூட்டே உடைந்து கார்பனைல் சல்பைடை வெளியிடும். அது மீண்டும் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அளப்பதற்காகச் செலவான வாயுவை அளவுகோலே திருப்பித் தந்துவிடுகிறது. கண்டறிதலும் அளித்தலும் ஒரே சேர்மத்தில் கைகோத்து நிற்பதை இங்கே காண்கிறோம்.

மனிதருக்கான மருந்தாக இவற்றை ஆக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. மூட்டுவலிக்குக் கொடுக்கும் நாப்ராக்சன் என்னும் மாத்திரை வயிற்றுப்புண்ணை உண்டாக்கக் கூடியது. அதனோடு இவ்வாயுவைத் தரும் தொகுதியைப் பிணைத்த புது மருந்தை 2018ஆம் ஆண்டில் மனிதரிடம் சோதித்தபோது, வயிற்றுப்புண் கண்டோரின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பின்னர் நடந்த வேறொரு சோதனையில் சிலருக்குக் கல்லீரல் நொதிகளின் அளவு உயர்ந்தது. அச்சோதனை 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்கும் இடையே நீண்ட பாதை உண்டு என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

அடுக்களையில் உள்ள பூண்டு

வெள்ளைப்பூண்டை நசுக்கும்போது எழும் காரமான மணத்திற்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பூண்டிலிருந்து கிடைக்கும் இச்சேர்மங்களை நம் இரத்தச் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதையும், அதனால் இரத்தக் குழாய்கள் தளர்வதையும் காட்டினர். இரசத்திற்குப் பூண்டு தட்டிப் போடும் நம் இல்லத்தரசிகள் இதனைக் கேட்டுப் புன்னகை புரியலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் குழாயொன்று தளர்ந்ததைக் கொண்டு, இரத்தக் கொதிப்புக்குப் பூண்டே போதும் என்று முடிவு கட்டுதல் தவறு. எத்தனை பல் தின்றால் எவ்வளவு வாயு உடலில் பிறக்கும் என்பது ஆளுக்கு ஆள், சமையலுக்குச் சமையல் மாறும். பூண்டு உணவாக இருக்கட்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேளாமல் எவரும் நிறுத்த வேண்டா.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கற்றுக்கொண்ட பாடத்தை நாமும் நம் வேலைத்தலத்தில் பின்பற்றுதல் வேண்டும். மூடிய தொட்டி, மலக்குழி, கழிவுநீர்க் கிணறு, ஆழமான குழி ஆகியவற்றுள், வாயுவைக் கருவியால் அளக்காமல் எவரும் இறங்கலாகாது. நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றன்று. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டமும், அடைபட்ட இடங்களில் பாதுகாப்பாக வேலை செய்வது பற்றி 2010ஆம் ஆண்டில் வெளியான நடைமுறை விதித் தொகுப்பும் இதற்கென உள்ளன. அவற்றின்படி, பயிற்சி பெற்றவர் காற்றைச் சோதித்தல் வேண்டும். எழுத்து வடிவில் அனுமதி இருத்தல் வேண்டும். இறங்குபவரைக் கவனிக்க மேலே ஒருவர் நிற்றல் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது தொழிலாளரின் உரிமை; செய்து கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைத் தனியே கூறுகிறோம். குழிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரை மீட்கும் துடிப்பில் அடுத்தவர் குதித்துவிடுகிறார். அவரைத் தொடர்ந்து மூன்றாமவரும் இறங்குகிறார். இவ்வாயுவால் உலகெங்கும் நேர்ந்த மரணங்களில் மீட்கச் சென்றவர்களின் மரணமும் பல. தம்பி விழுந்து கிடப்பதைக் கண்டு அண்ணன் வாளாவிருக்க மாட்டான் என்பது நாம் அறியாததன்று. ஆனால் மூச்சுக் கருவி அணியாமல் இறங்குவது தம்பியைக் காப்பதாகாது. ஒரு வீட்டில் இரண்டு பாடைக்கு வழி செய்வதாகும். உரத்துக் கூவி ஆள் சேர்க்க வேண்டும். 999 என்னும் எண்ணில் தீயணைப்பு மீட்புப் படையை அழைக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி இறங்கியவராயின் மேலிருந்தே இழுக்க வேண்டும். மேலே கொண்டு வந்தவரைத் தூய காற்றில் கிடத்தி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தெளிந்து எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குச் செல்லுதல் அவசியம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் கேடு சில மணி நேரம் கழித்தும் தோன்றக் கூடும்.

நம் இரத்தக் குழாய்களில் ஒரு துளியினும் சிறிதாக இருந்து உயிரைப் பேணும் பொருள்தான், தொட்டியின் அடியில் தேங்கி உயிரைக் குடிக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் நம் முன்னோர் வாக்கிற்கு இதனினும் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. தொட்டியின் மூடியைத் திறக்குமுன் கருவி காட்டும் எண்ணைப் பாருங்கள். கருவி இல்லையேல், அது வரும்வரை மூடி மூடியே இருக்கட்டும்.